நாளின் நான்கு சந்திகள்: நிதானமாக இருக்க ஒரு செய்முறை

"நிதானமா பேசு" என்றால் பதறாதே என்றும் பொருள், யோசித்துப் பேசு என்றும் பொருள். அமைதியும் தெளிவும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து கிடக்கின்றன. இந்த வழிகாட்டியும் இரண்டையும் பிரிக்கவில்லை. படபடப்பு அடங்கினால்தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது கண்ணில் படும். அது கண்ணில் பட்டாலே படபடப்பு பாதி அடங்கிவிடும்.

நாள் முழுக்க அமைதியாக இருக்க யாராலும் முடியாது. முயன்று பார்த்தால் அந்த முயற்சியே தனிப் பதற்றமாகிவிடும். தெருவில் நெரிசல் சந்தியில்தான் ஏற்படும், நாளிலும் அப்படித்தான். தூங்கி எழும் இடம், அன்றைய வேலைக்கு உட்காரும் இடம், வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் இடம், விளக்கணைத்துப் படுக்கும் இடம் ஆகிய இந்த நான்கிலும்தான் ஒன்றின் அவசரம் அடுத்ததற்குள் கசிகிறது. விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம், வெளியே போய் வந்ததும் கால் கழுவல், அந்தியில் விளக்கு என்று பழைய வீட்டு வழக்கங்கள் பலவும் இந்தச் சந்திகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பக்தி, சுத்தம் என்று வேறாக இருக்கலாம். இடத்தேர்வு அருமை.

ஆகவே இருபது பழக்கம் வேண்டாம். சந்திக்கு ஒன்று போதும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மூச்சுப் பயிற்சி.

தொடங்குவதற்கு முன் மூன்று நாள்

வாங்க வேண்டியவை குறைவு: பேட்டரியில் ஓடும் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று, 80 பக்க நோட்டு ஒன்று, அதோடு நூலால் கட்டிவைத்த பேனா. பேனாவைக் கட்டுவது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. ராத்திரி பேனா தேடி எழுந்து போகிறவர் வழியில் போனை எடுத்துவிடுவார். தினசரி தேதி கிழிக்கும் காலண்டர் வீட்டில் இருந்தால் நல்லது, அதற்கும் வேலை வைத்திருக்கிறோம்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். நோட்டில் நான்கு வரி மட்டும் எழுதுங்கள்: எழுந்ததும் முதலில் தொட்டது எது, வேலை தொடங்கியபோது மனதில் ஓடியது எது, வீட்டுக்குள் நுழைந்ததும் பேசிய முதல் வாக்கியம் எது, கண் மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தது எது. ஆண்ட்ராய்டு போனில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' பகுதிக்குள் போனால் ஒரு நாளில் போனை எத்தனை முறை எடுத்தீர்கள் என்ற கணக்கு இருக்கும். அந்த எண்ணையும் குறித்துவையுங்கள். வெட்கப்பட வேண்டாம், பின்னால் ஒப்பிட அது தேவைப்படும்.

இந்த மூன்று நாளில் எந்தச் சந்தி மோசம் என்று தெரிந்துவிடும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பலரும் காலையிலிருந்து தொடங்கித் தோற்கிறார்கள். அவர்களுடைய காலை கெட்டது முந்தைய ராத்திரியில்.

விரல் கணுவில் எண்ணும் மூச்சு

நான்கு சந்திகளிலும் பயன்படும் கருவி இது. ஒரே வாரத்தில் கை வந்துவிடும்.

நாற்காலியில் உட்காருங்கள், பத்மாசனம் தேவையில்லை. பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, முதலில் உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடுங்கள். பிறகு மூக்கு வழியாக, மனதுக்குள் நான்கு எண்ணும்வரை இழுங்கள். வயிறு கையைத் தள்ள வேண்டும், தோள் ஏறக் கூடாது. ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நடுவில் மூச்சை அடக்க வேண்டாம்.

எண்ணிக்கைக்குப் போனும் வேண்டாம், டைமரும் வேண்டாம். பாட்டிமார் ஜபம் எண்ணுவதுபோல் இன்னொரு கையின் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டு போங்கள். விரலுக்கு மூன்று, மொத்தம் 12. ஒரு மூச்சுக்கு 10 விநாடி என்றால் ஒரு சுற்று சரியாக 2 நிமிடம். காலையில் இரண்டரைச் சுற்று, அதாவது 30 மூச்சு, 5 நிமிடம். மற்ற நேரங்களில் ஒரு சுற்று போதும்.

வெளிவிடும் மூச்சு ஏன் நீளமாக இருக்க வேண்டும்? மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது கொஞ்சம் தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. தணியும் பகுதியை நீட்டினால் துடிப்பும் அதன் பின்னால் போகிறது. "அமைதியாகு" என்று மனதுக்குக் கட்டளை போட்டால் அது கேட்காது. மூச்சு மட்டும் நம் சொல்லுக்கும் கட்டுப்படும், தானாகவும் ஓடும். அதனால்தான் இந்த வழியாக உள்ளே போகிறோம்.

இதில் நடக்கும் தவறுகள் சில. "நல்லா ஆழமா இழு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விடுகிறவர்களுக்குத் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைவதால் வருவது அது. இங்கே மெதுவாக விடுவதுதான் முக்கியம், ஆழம் தானாக வரும். ஆறு எண்ணுவதற்குள் மூச்சு முட்டினால் மூன்றுக்கு நான்கு என்று குறையுங்கள். மூக்கடைப்பு இருக்கும் நாளில் விட்டுவிடுங்கள். வண்டி ஓட்டும்போது கூடாது. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடும், முக்கியமாக ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் திடீர்ப் படபடப்பு வந்து பழகியவர்களுக்கும். அவர்கள் மூச்சை அதன் போக்கில் விட்டு, பாதம் தரையில் படும் உணர்வையோ ஃபேன் சத்தத்தையோ கவனித்துக்கொண்டு கணுக்களை மட்டும் எண்ணலாம்.

இன்னொன்று: கோபம் வந்த பிறகு முதல்முறையாக இதைச் செய்து பார்த்துவிட்டு "எனக்கு இது ஒத்துவரல" என்று சொல்பவர்கள் நிறைய. வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியாது. சாதாரண நாளில் பழகியதுதான் கெட்ட நாளில் கைகொடுக்கும்.

முதல் சந்தி: எழுந்த அரைமணி

விழித்த பிறகு 30 முதல் 45 நிமிடத்துக்குள் கார்டிசோல் என்னும் ஹார்மோன் ரத்தத்தில் இயல்பாகவே ஏறும். உடல் தன்னை எழுப்பிக்கொள்ளும் முறை அது. ஏற்கெனவே முறுக்கேறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நேற்றைய சண்டையின் மிச்சமும் மேலதிகாரியின் செய்தியும் எதற்கு? முதல் அரைமணி போன் இல்லை. அலாரம் போனில் இருக்கும்வரை இது நடக்காது; அதற்குத்தான் கடிகாரம்.

"வயசான அப்பா ஊரில் இருக்கிறார், போனை எப்படித் தூரமாக வைப்பது?" நியாயமான கேள்வி. 'டூ நாட் டிஸ்டர்ப்' அமைப்பில் நட்சத்திரம் போட்ட எண்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். ஒருவரே அடுத்தடுத்து அழைத்தால் இரண்டாவது அழைப்பு ஒலிக்கும் வசதியும் அதிலேயே உண்டு. ஒலியைக் கூட்டி ஹாலில் வைத்துவிடுங்கள்.

போனுக்குப் பதில் வெளிச்சம். மொட்டைமாடி, வாசல், பால்கனி, எங்கேயாவது வெளியில் 10 நிமிடம். அறைக்குள் டியூப்லைட் வெளிச்சம், அதை அளக்கும் அலகில் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். உடலின் உள்கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது, இரவில் எப்போது தூக்கம் வர வேண்டும் என்பதையும் அப்போதே கணக்குப் போடுகிறது. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். கோலம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். சிக்குக்கோலத்தில் கண், கை, எண்ணிக்கை மூன்றும் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடப்பதால் மனம் ஊர் சுற்ற இடமில்லை. அடுக்குமாடி வாசலில் ஐந்து புள்ளி, ஐந்து வரிசை தாராளம். ஆண்கள் போட்டால் கம்பி கோணாது. கோலம் வேண்டாம் என்பவர்கள் செடிக்குத் தண்ணீர் விடலாம்; ஹோஸ் குழாயை விடச் சொம்பு நல்லது, செடிக்குச் செடி நின்று போக வேண்டியிருக்கும்.

காபி பற்றி ஒரு வார்த்தை. ஃபில்டரில் டிகாஷன் இறங்க 15, 20 நிமிடம் ஆகும். அந்தக் காத்திருப்பே நல்ல பழக்கம்தான், அதை வாட்ஸப் பார்த்து நிரப்பாதீர்கள். குடிக்கும்போது குடியுங்கள். மாலைக் காபிதான் சிக்கல்: குடித்த காஃபினில் பாதி வெளியேறவே பெரும்பாலானோருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் விழித்திருக்கும். கடைசிக் காபி பிற்பகல் 2 மணிக்குள். விட முடியாதவர்கள் ஒரு வாரம் அரை டம்ளர், அடுத்த வாரம் கால் என்று குறையுங்கள். திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும்.

இரண்டாம் சந்தி: வேலைக்கு உட்காரும்முன்

காலண்டரில் நேற்றைய தேதியைக் கிழிக்கிறீர்கள் அல்லவா, அந்தத் தாளின் காலிப் பக்கத்தை எடுங்கள். அதில் மூன்று வரிக்கு மேல் பிடிக்காது. அதுதான் அதன் அழகு.

முதல் வரி: இன்று முடிந்தே ஆக வேண்டிய ஒரு வேலை. இரண்டாம் வரி: அதை எப்போது, எங்கே உட்கார்ந்து செய்யப் போகிறீர்கள். மூன்றாம் வரி: இன்று செய்யப் போவதில்லை என்று முடிவெடுத்த ஒன்று. மூன்றாவதை எழுதத்தான் கை கூசும். ஆனால் நாள் முழுக்கப் பின்மண்டையில் உறுத்தும் வேலைகளில் பாதி, "இன்னைக்கு இல்லை" என்று யாரும் சொல்லாததால் உறுத்துபவை.

இரண்டாம் வரியை எழுத ஓர் உத்தி. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து காட்டியது இது: "நன்றாக நடக்க வேண்டும்" என்று ஆசைப்படுவதை விட, "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைப்பது செயலாக மாறும் வாய்ப்பு அதிகம். தமிழில் இதற்கு ஆயத்தமாகவே ஒரு விகுதி இருக்கிறது: "-ததும்". குளித்ததும், பஸ்ஸில் உட்கார்ந்ததும், குக்கரை இறக்கி வைத்ததும். எந்தப் பழக்கத்தையும் இந்த விகுதியில் தொடங்கும் வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பழக்கத்துக்கு நாளில் இன்னும் இடம் ஒதுக்கவில்லை என்று அர்த்தம்.

பழக்கத்தை மாட்டிவைக்கக் கொக்கியாக எடுக்கும் செயலுக்குத் தெளிவான முடிவு இருக்க வேண்டும். "ராத்திரி சாப்பிட்டதும் நடப்பேன்" பலவீனம். சாப்பாடு டிவி முன்னால் இழுத்துக்கொண்டே போகும். "தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வருவேன்" பலமானது. தட்டு கவிழ்ந்ததா இல்லையா என்பதில் சந்தேகம் வராது.

குரூப்களையும் இந்தச் சந்தியிலேயே தீர்த்துவிடலாம். சொந்தக்காரர் குரூப், பழைய பள்ளி நண்பர்கள் குரூப், அபார்ட்மென்ட் குரூப் மூன்றையும் 'எப்போதும்' என்று மியூட் செய்து, ஆர்க்கைவில் தள்ளுங்கள். குழந்தையின் வகுப்பு குரூப்பை மட்டும் ஆர்க்கைவ் செய்யாதீர்கள், நாளைக்கு லீவு என்ற செய்தி அதில்தான் வரும், மியூட் போதும். பார்ப்பதற்கு இரண்டு வேளை, முற்பகல் 11.30, மாலை 6. செயலிகளுக்கு நாமே நேர வரம்பு போடும் வசதியில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. நாமே போட்ட பூட்டு, சாவியும் நம்மிடம். தொந்தரவு அதிகமென்றால் செயலியையே நீக்கிவிட்டு, தேவைப்பட்டால் பிரவுசரில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிக்கும் எரிச்சல் நல்ல காவல்காரன்.

மூன்றாம் சந்தி: வாசற்படி

ஆபீஸில் பட்ட அவமானம் வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று வெளியே வரும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பாதி முடித்த வேலையை விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. ஆகவே வாசற்படி வேலை ஆபீஸிலேயே தொடங்குகிறது. எழுவதற்கு முன் அந்தக் காலண்டர் தாளில் "விட்ட இடம்" என்று போட்டு ஒரு குறிப்பு: "மூன்றாவது பில் வரை சரிபார்த்தாச்சு, நாளை நான்கிலிருந்து." அரை நிமிட வேலை.

வீடு வந்ததும் வரிசை இது: வண்டியை நிறுத்தி சாவியை அணைத்தபின் ஹெல்மெட்டோடு அப்படியே ஆறு மூச்சு. உள்ளே நுழைந்ததும் பை ஓரிடத்தில், போன் ஒரு தட்டில். கை, முகம், பாதம் கழுவி உடை மாற்றல். இதெல்லாம் முடியப் பத்து நிமிடம். அதுவரை யாரும் எந்தப் பிரச்சினையும் பேசுவதில்லை என்று வீட்டாரோடு முன்பே பேசிவையுங்கள். சொல்லாமல் மௌனமாக உள்ளே போனால் "வந்ததும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க" என்றாகிவிடும், பலனும் தலைகீழாகும்.

வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் லேப்டாப்பை மூடி, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, தெருவை ஒரு சுற்று சுற்றி வாசல் வழியாகத் திரும்பி வாருங்கள். கேலிக்கூத்தாகத் தோன்றும். இரண்டு நாளில் பழகிவிடும்.

வீட்டு வேலை முழுவதையும் தலையில் சுமப்பவருக்கு இந்தச் சந்தியே கிடையாது. அவர் எங்கிருந்தும் திரும்புவதில்லை, வேலை நடக்கும் இடமும் அதே வீடு. அவருக்காக ஒரு சந்தியை உண்டாக்கத்தான் வேண்டும்: மதியம் பாத்திரம் கழுவி அடுப்பு மேடையைத் துடைத்ததும் 20 நிமிடம். துணி மடிப்பது அதில் சேராது. மற்றவர்கள் அந்த நேரத்தில் "அது எங்கே இருக்கு?" என்று கேட்காமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. அதை அவர் தனியாகச் சாதிக்க முடியாது, வீடே பழக வேண்டும்.

நான்காம் சந்தி: படுக்கைக்கு முன்

இரவு 9.30-க்குப் போன் ஹாலில் சார்ஜில். படுக்கையறையில் இருக்கும் சார்ஜரைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டால் இது தானாக நடக்கும்.

பிறகு நோட்டு. நடந்ததையெல்லாம் டைரியாக எழுதுவதை விட, நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை எழுதுவது தூக்கத்துக்கு உதவுகிறது. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், படுக்கும்முன் 5 நிமிடம் வரப்போகும் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்குப் பலன் கூடுதல். எனவே "அப்பா கண்" என்று எழுதாதீர்கள். "காலை 10 மணிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு டோக்கன் வாங்கணும்" என்று எழுதுங்கள். கேஸ் புக் செய்வது, கரண்ட் பில், பள்ளிக் கட்டணம் எல்லாம் தாளில் இறங்கட்டும். தீர்க்க முடியாத கவலை வந்தால் அதற்கும் ஒரு வரி, பக்கத்தில் "ஞாயிறு காலை யோசிக்க" என்று ஒரு தேதி.

படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பதும் உதவும். கை கால்களுக்கு ரத்தம் பரவி உள்சூடு வெளியேறும், உள்சூடு இறங்கும்போது தூக்கம் வரும். சித்திரை, வைகாசி வெயிலிலும் பச்சைத் தண்ணீரை விட வெதுவெதுப்பே மேல்.

நடு இரவில் விழித்தால் மணி பார்க்காதீர்கள். பார்த்ததும் "இன்னும் மூணு மணி நேரம்தான்" என்ற கணக்கு தொடங்கிவிடும். இரண்டு சுற்று விரல் எண்ணுங்கள். தூக்கம் வரவில்லை, எரிச்சல் ஏறுகிறது என்றால் எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகியதும் திரும்புங்கள்.

பழக்கங்களால் தீராதவையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத நெஞ்சுப் படபடப்பு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்; தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், ரத்தசோகையாலும் இதே படபடப்பு வரும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

எத்தனை நாள்

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். நடு எண் 66. ஒரு மண்டலம் என்று 48 நாள் கணக்கு வைத்த நம் வைத்திய முறை அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. நடுவில் ஒரு நாள் தவறினால் எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தொடர்ந்து இரண்டு நாள் தவறுவதைத்தான் நாங்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளச் சொல்வோம்.

மோசமான சந்தியில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். நான்கும் சேர எட்டு வாரம். அதன் முடிவில் முதல் மூன்று நாள் குறிப்புகளை எடுத்து ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு சந்தி அசையவே இல்லையென்றால் மனவுறுதியைக் குறை சொல்லாமல் கொக்கியை மாற்றுங்கள், பெரும்பாலும் "-ததும்" வாக்கியத்தில்தான் கோளாறு இருக்கும்.

கல்யாணம், திருவிழா, வெளியூர்ப் பயணம் வந்தால் நான்கையும் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். காலையில் ஒரு சுற்று விரல், இரவில் ஒரு வரி. மற்றவை ஊர் திரும்பிய மறுநாள், காலண்டரில் சேர்ந்துபோன தேதிகளைக் கிழிக்கும்போது தொடரட்டும்.